ஆறு மாதம் ஜெர்மனி போக வீட்டுப் பத்திரம் எதற்கு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இருபது வயது மாணவி ஒருவர் ஐந்து பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. ஆறு பேர் உட்கார்ந்து வேலை பார்த்த இடம். வெள்ளி விலை ஏறி ஆர்டர் சுருங்கியபின் இப்போது அப்பாவும் இன்னொருவரும் மட்டும். மகள் சேலத்திலேயே ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ், மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. சி.ஜி.பி.ஏ. 8.1. இரண்டாம் செமஸ்டரில் விழுந்த ஒரே அரியரை அடுத்த தேர்விலேயே எடுத்துவிட்டார். கல்லூரிக்கும் தெற்கு ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் உண்டு. ஏழாவது செமஸ்டரை அங்கே படிக்க இரண்டு இடம், அதில் ஒன்று இவருக்கு. செப்டம்பர் கடைசியில் கிளம்பி பிப்ரவரி கடைசியில் திரும்ப வேண்டும்.

"ஃபுல் ஸ்காலர்ஷிப் என்று நினைத்துத் தெருவுக்கே ஸ்வீட் கொடுத்துவிட்டோம் மேடம். பிறகுதான் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்றார்கள்" என்று எழுதுகிறார். தாய்மாமா ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சிக்கு அழைத்துப்போயிருக்கிறார். அங்கே இருந்தவர், மொத்தம் எட்டு லட்சம் செலவாகும், அதற்கு மேல் தன் சர்வீஸுக்கு மூன்றரை லட்சம், செமஸ்டர் முடிந்ததும் படிப்பு விசாவை வேலை விசாவாக "மாற்றித் தருகிறேன்", திரும்பி வரவே வேண்டாம், ஒரே வருடத்தில் கடன் அடைந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுப் பத்திரத்தின் மேல் பணம் தர ஒரு ஃபைனான்ஸ்காரரையும் அவரே கைகாட்டிவிட்டார். முன்பணம் 15,000 கொடுத்தாயிற்று. பாஸ்போர்ட்டும் பத்தாவது, பன்னிரண்டாவது அசல் மதிப்பெண் பட்டியல்களும் அவரிடம்தான் இருக்கின்றன.

சீனியர் ஒருவர், "போனால் பிளேஸ்மென்ட் போச்சு" என்றிருக்கிறார். துறைத் தலைவர், "இங்கே உள்ள பேப்பரை வந்து எழுத வேண்டியிருக்கும்" என்றிருக்கிறார். அப்பாயியின் கணிப்பு வேறு: "ஆறு மாசம்னு போறவ ஆறு வருசம் கழிச்சுத்தான் வருவா." அப்பா எதுவும் சொல்லவில்லை. சீட்டு முடிந்தால் மூன்று லட்சம் வரும் என்று மட்டும் ஒருநாள் ராத்திரி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது இவர் காதில் விழுந்திருக்கிறது.

கேள்வி இரண்டு. போகலாமா? போனால் அங்கேயே வேலையில் நின்றுவிட முடியுமா?

போகலாம் கண்ணு. நின்றுவிட முடியாது. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். இந்த மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் இந்த வாரமே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் பாஸ்போர்ட்டை வாங்குங்கள்

பாஸ்போர்ட் உங்கள் பெயரில் இருந்தாலும் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. தனியார் அலுவலகம் எதுவும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. "ஃபைல் போட வேண்டும்" என்பார்கள். ஃபைலுக்கு நகல் போதும், விசாவுக்கு நீங்களே நேரில் போய்க் கைரேகை வைக்கப்போகிறீர்கள். மாமாவை மட்டும் அனுப்பாமல் அப்பாவோடு போய், பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் பட்டியல்களையும் எண்ணி வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே சண்டை போடாதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். பெரும்பாலும் "ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறோம்" என்ற வார்த்தையிலேயே டிராயர் திறந்துவிடும்.

15,000 ரூபாய்க்கு ரசீது இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. எந்தச் சேவைக்கு என்று அதில் போட்டிருக்கிறதா பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதற்கு மேல் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.

அவர் "லைசென்ஸ் உள்ளவர்" என்று மாமா நம்புகிறார். எந்த லைசென்ஸ்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். அப்படிப் பதிவு பெற்றவர் வேலை தேடுகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேலை வாங்கித் தருகிறவர் என்றால் மூன்றரை லட்சம் கேட்க அவருக்கு உரிமையில்லை. படிப்புக்கு வழிகாட்டுகிறவர் மட்டும்தான் என்றால் வேலை விசாவைப் பற்றி வாக்குக் கொடுக்க அவர் யார்? இந்த இரண்டில் எது என்று மாமாவை விட்டே கேட்கச் சொல்லுங்கள்.

கையில் இருப்பது ஸ்காலர்ஷிப் இல்லை

அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறீர்கள். இரண்டாம் பத்தியைத் திரும்பப் படியுங்கள். பரிமாற்ற மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, அவ்வளவுதான் இருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. மாநில அளவில் பாடன்-வூர்ட்டம்பெர்க் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆக, உங்களுக்கு விட்டுக்கொடுத்திருப்பது அதிகபட்சம் அந்த 1,500 யூரோ. இது கட்டணச் சலுகை. ஸ்காலர்ஷிப் என்றால் மாதாமாதம் கையில் காசு வர வேண்டும்.

அப்படிக் காசு வரும் வழியும் இருக்கிறது, அதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. எராஸ்மஸ் என்ற திட்டத்தை 1987-இல் ஐரோப்பிய நாடுகள் தங்கள் மாணவர்களுக்காக ஆரம்பித்தன. இப்போது எராஸ்மஸ் பிளஸ் என்ற பெயரில் இந்தியா போன்ற நாடுகளுக்கும் கதவைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை ஒரு செமஸ்டர் படிக்க வருகிறவருக்கு, நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை கிடைக்கும். ஆனால் நீங்களாகத் தனியே விண்ணப்பிக்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகம் உங்கள் கல்லூரியைச் சேர்த்து நிதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருக்கிறதா என்று அவர்களுடைய சர்வதேச அலுவலகத்துக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். கல்லூரி கேட்கும் என்று காத்திருக்காதீர்கள்.

நிதி இல்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். விசாவுக்கு ஜெர்மனி கேட்பது, தங்கும் மாதம் ஒவ்வொன்றுக்கும் 992 யூரோ உங்களிடம் இருக்கிறது என்ற உறுதி. பிளாக்டு அக்கவுன்ட் என்று ஒரு கணக்கைத் தொடங்கி மொத்தத் தொகையையும் போட்டுவிட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும். யாருக்கும் கட்டும் ஃபீஸ் இல்லை இது, உங்கள் பணம்தான். முழு வருடம் படிக்கிறவருக்கு இது 11,904 யூரோ ஆகும். அந்த வருடக் கணக்கைக் காட்டித்தான் பலரைப் பயமுறுத்துகிறார்கள். உங்களுக்கு ஐந்து மாதம், 4,960 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில் ஐந்தேகால் லட்சம் என்று வையுங்கள். விமான டிக்கெட், 75 யூரோ விசாக் கட்டணம், பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் சந்தா, அறைக்கு முன்பணம், குளிருக்கு ஒரு நல்ல கோட்டு எல்லாம் சேர்த்து இன்னொரு ஒன்றரை லட்சம். ஏழு லட்சத்துக்குள் அடங்கும்.

அந்த 992 யூரோவில் மிச்சம் பிடிக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். வாடகை, மாதம் நூற்றுச் சொச்சம் யூரோ மருத்துவக் காப்பீடு, சாப்பாடு என்று கரைந்துவிடும்.

அப்பாவின் சீட்டுப் பணம் மூன்று லட்சம். மீதி நான்கு. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி நான்கு லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சம் வரை சில வங்கிகள் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம். அதற்கு மேல்தான் சொத்துப் பத்திரம் பேச்சுக்கே வரும். பரிமாற்ற செமஸ்டருக்குக் கடன் என்றதும் கிளை மேலாளர் முகத்தைச் சுளிக்கலாம். அவர்கள் முழுப் பட்டப்படிப்புக்குக் கொடுத்துப் பழகியவர்கள். கல்லூரியின் போனஃபைடு, இரு கல்லூரிகளின் ஒப்பந்த நகல், அங்கிருந்து வந்த கடிதம் மூன்றையும் கொண்டு, கல்லூரிக் கணக்கு இருக்கும் கிளையிலேயே கேளுங்கள். அங்கேயும் முடியவில்லை என்றால் அம்மாவின் நகையை வங்கியில் வைப்பது, வீட்டுப் பத்திரத்தை ஃபைனான்ஸ்காரரிடம் வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். நகை போனால் மனசு வலிக்கும். வீடு போனால் பட்டறையும் சேர்ந்து போகும், உங்கள் பட்டறை வீட்டின் முன்கட்டில்தானே இருக்கிறது?

ஒன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சீட்டுப் பணமும் இல்லாமல் ஏழு லட்சமும் கடன் என்றிருந்தால், போகாதீர்கள் என்றுதான் எழுதியிருப்பேன். ஒரு செமஸ்டருக்கு அவ்வளவு பெறுமானம் கிடையாது.

பகுதிநேர வேலை பார்த்துக் கடனை அடைப்பேன் என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு மாணவர் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. கேட்கத் தேனாக இருக்கும். ஆனால் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கணக்கான இ.சி.டி.எஸ். முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. 900 மணி வரை படிப்புக்கே போகிறது. சின்ன ஊர், ஜெர்மன் மொழி தெரியாது, வந்து செட்டில் ஆகவே ஒரு மாதம். அகப்பட்டால் கைச்செலவுக்கு ஆகும். கடன் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

"மாற்றித் தருகிறேன்"

கொலுசின் கண்ணியைப் பொடி வைத்து ஊதித்தான் பற்ற வைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பற்றிய இடம் வெளியே தெரியாது. அந்தக் கன்சல்டன்சிக்காரரும் அப்படித்தான், உண்மையோடு பொய்யைப் பொடி வைத்துப் பேசியிருக்கிறார்.

உண்மை என்ன? படிக்கப் போனவர் வேறு நோக்கத்துக்கு அனுமதியை மாற்றிக்கொள்ள ஜெர்மன் சட்டத்தில் இடம் உண்டு. படிப்பு முடித்த வெளிநாட்டவருக்கு வேலை தேட 18 மாதம் வரை தங்கும் அனுமதியும் உண்டு. ஆனால் அந்த 18 மாதம் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவருக்கு. நீங்கள் அங்கே பட்டம் முடிக்கவில்லை, ஒரு செமஸ்டர் விருந்தாளி. திறனாளர் வேலைக்கு மாற வேண்டுமென்றால் முடித்த பட்டமோ தொழிற்கல்வியோ வேண்டும். உங்களுக்கு இன்னும் பி.இ. முடியவில்லை. ஏழாவது செமஸ்டரோடு நின்றுவிட்டால் கையில் மிஞ்சுவது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு எந்த நிறுவனம் எந்த விசாவுக்குக் கடிதம் கொடுக்கும்?

அனுமதிக் காலம் முடிந்தும் தங்கினால் நாடுகடத்தும் உத்தரவு வரும், பல வருடத்துக்கு நுழைவுத் தடை வரும். பின்னால் முறையாக எம்.எஸ். படிக்கப் போக நினைத்தாலும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். உங்கள் கல்லூரியின் இரண்டு இடமும் அடுத்த வருடம் இருக்குமா என்பது சந்தேகம். அவருக்கோ மூன்றரை லட்சம் முன்பே கைக்கு வந்திருக்கும்.

வெளிநாட்டு வேலை பற்றித்தான் மாமாவுக்கு ஆர்வம் என்றால், 1978 முதல் நம் மாநில அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரிக்கட்டும்.

செமஸ்டர் அரியராக மாறாமல் இருக்க

துறைத் தலைவர் சொன்னதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு மொத்தக் கடிதத்திலும் அதிகக் கவலை தந்தது அதுதான்.

நான் பதினேழு வருடம் ஒரு கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவில் இருந்தேன். ஒரு பையன் ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு, எல்லாருக்கும் சாக்லேட்டோடு வந்தான். அவன் எடுத்த ஐந்து பாடத்தில் இரண்டு இங்கே எந்தப் பாடத்துக்கும் சமமில்லை என்று தேர்வுப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். போகும் முன் யாரும் எழுதி வாங்கவில்லை, எங்கள் பிரிவும்தான். கணினியில் அந்த இரண்டு பேப்பரும் "வரவில்லை" என்று ஏறி, அரியராக நின்றது. அடுத்த வாரம் வந்த கம்பெனி "ஸ்டாண்டிங் அரியர் கூடாது" என்று நிபந்தனை போட்டிருந்தது. பையன் ஹாலுக்கு வெளியே நின்றான். இதைச் சொல்லும்போது இன்னும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உங்கள் கல்லூரி தன்னாட்சி. பாடத்திட்டத்தையும் தேர்வையும் அதுவே முடிவு செய்கிறது, ஆகவே அங்கே படித்ததை இங்கே ஏற்பதும் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. லேர்னிங் அக்ரிமென்ட் என்ற படிவத்தில் அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இங்கே எந்தப் பாடத்துக்குப் பதில் என்று எழுதி, துறைத் தலைவரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும் கையெழுத்து வாங்குங்கள். விமான டிக்கெட் அதற்குப் பிறகு. லேப் பாடங்களை மறக்காதீர்கள், பெரும்பாலும் உதைப்பது அதில்தான். ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களா என்றும் பாருங்கள். அங்கே போனதும் ஏதாவது பாடம் ரத்தாகிவிட்டால் மாற்றுப் பாடத்துக்கும் மின்னஞ்சலிலாவது ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வகுப்புக்குப் பதிவு செய்தால் தேர்வுக்கும் பதிவானதாக ஆகாது. அங்கே தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், கடைசித் தேதி போனால் போனதுதான்.

மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. 1.7 வாங்கிவிட்டு அப்பாவிடம் அழுதுகொண்டு போன் செய்யாதீர்கள். அதை இங்கே எந்தக் கிரேடாக மாற்றுவார்கள் என்பதையும் அதே படிவத்தில் எழுதி வாங்குங்கள்.

தேதிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இங்கே ஏழாவது செமஸ்டர் நவம்பரில் முடிந்து எட்டாவது செமஸ்டர் புராஜெக்ட் டிசம்பர், ஜனவரியில் ஆரம்பித்துவிடும். அங்கே தேர்வே ஜனவரி, பிப்ரவரியில்தான். புராஜெக்டை அங்கேயுள்ள ஒரு ஆய்வகத்திலேயே தொடங்க அனுமதி கேளுங்கள். இங்கே ஒரு வழிகாட்டி, அங்கே ஒரு வழிகாட்டி. இதற்குக் கல்லூரிகள் பொதுவாகச் சம்மதிக்கும், அவர்களுக்கும் பெருமைதானே.

பிளேஸ்மென்ட் பற்றி சீனியர் சொன்னதில் பாதி சரி. பெரிய எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் ஐ.டி. கம்பெனிகள் ஏழாவது செமஸ்டரின் தொடக்கத்தில் வருவார்கள். நீங்கள் செப்டம்பர் கடைசி வரை இங்கேதான் இருக்கிறீர்கள், அதை எழுதலாம். அக்டோபரிலிருந்து வரும் கம்பெனிகளில் முதல் சுற்று ஆன்லைன் என்றால் அங்கிருந்தே எழுத அனுமதிக்க முடியுமா என்று பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் இப்போதே கேளுங்கள். மார்ச்சுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு நீங்கள் ஊரில் இருப்பீர்கள். சில வாய்ப்பு போகும். எதுவும் போகாது என்று சொல்லி உங்களை அனுப்பி வைக்க மாட்டேன்.

திரும்பி வந்தபின்

வேலை என்ற கேள்விக்கு இப்போதுதான் அர்த்தம் வருகிறது. இந்த ஐந்து மாதம் ஜெர்மனியில் வேலை தராது. ஆனால் அடுத்த மூன்று வாசலிலும் உங்கள் விண்ணப்பத்தை மேலே எடுத்து வைக்கும்.

பக்கத்து வாசல் இங்கேயே இருக்கிறது. ஒரகடத்தில் டைம்லர் 2012 முதல் லாரி தயாரிக்கிறது. பாஷ் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. இவர்களுக்குப் பொருள் கொடுக்கும் கம்பெனிகள் ஓசூர் வரை நிறைய. மெக்கட்ரானிக்ஸ் பட்டம், ஒரு ஜெர்மன் செமஸ்டர், கூடவே பி1 என்னும் நடுத்தர அளவுக்கு ஜெர்மன் மொழி என்றால் நேர்காணலில் பேச்சே வேறு மாதிரி ஆரம்பிக்கும். மொழிதான் முக்கியம். கிளம்புவதற்குள் ஏ1 என்னும் தொடக்க நிலையை முடியுங்கள். சென்னையில் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, ஆன்லைனிலும் நடத்துகிறார்கள்.

இரண்டாவது, எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலை. குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு, தேர்வானால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ வீதம் இரண்டு வருடம் வரை. இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்ப காலம், அதாவது நீங்கள் அங்கே இருக்கும் அதே மாதங்கள். அங்கே பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் கையில் இருந்தால் எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். போட்டி கடுமை, கிடைத்தால் குடும்பத்துக்கு ஒரு ரூபாய் கடன் கிடையாது.

மூன்றாவது, ஜெர்மனியிலேயே எம்.எஸ். படித்து அந்த 18 மாதத்தை முறையாகப் பெறுவது. 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டை என்ற வேலை தேடும் விசாவும் பட்டம் முடித்தபின் உங்களுக்குப் பொருந்தலாம். கல்லூரி தன்னாட்சி என்றாலும் உங்கள் பட்டத்தைத் தருவது அண்ணா பல்கலைக்கழகம், ஆகவே அங்கீகாரத்தில் சிக்கல் இருக்காது. பட்டம் முடித்தால்தான் இதெல்லாம்.

விசாவுக்குச் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் செக்லிஸ்டை மட்டும் நம்புங்கள். உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் என்று ஒன்று 2022 நவம்பரிலிருந்து பெரும்பாலான இந்திய மாணவருக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அதற்கு ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. கட்டுவதற்கு முன் அதில் உங்கள் வகை இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாயிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்கிறீர்கள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து, பிப்ரவரித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். அப்பாவுக்கு ஒரு தாளில் விடுதியின் முகவரி, பல்கலைக்கழக அலுவலக எண், அவசரத்துக்கு 112, ம்யூனிக்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரக எண் எல்லாம் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். போனதும் இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதையும் செய்துவிட்டு அவருக்குச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கிற அப்பாக்கள் பெரும்பாலும் இந்தத் தாளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, விசாவுக்கென்று நீங்கள் எழுதி இணைத்திருந்த விருப்பக் கடிதம். மன்னிக்கவும், அது உங்களுடையது மாதிரியே இல்லை. "சிறு வயது முதல் ஜெர்மன் தொழில்நுட்பத்தின் மேல் தீராத காதல்" என்று ஆரம்பிக்கிறது. கன்சல்டன்சியில் அச்சடித்து வைத்திருப்பதை வாங்கிப் பெயர் மாற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே நேரம் எனக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஒன்பதாம் வகுப்பு லீவில் அப்பாவுக்காக ஒரு மரக்கட்டையில் வரிசையாகக் காடி வெட்டிக் கொடுத்ததாகவும், கண்ணிகள் நகராமல் உட்கார்ந்ததால் ஒரே மூச்சில் பன்னிரண்டு கண்ணி பற்ற வைக்க முடிந்ததாகவும், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் மெக்கட்ரானிக்ஸ். பொறியியல் பாஷையில் அதற்கு ஜிக் என்று பெயர், உங்களுக்கே தெரியும்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கும் கார்ல்ஸ்ரூவுக்கும் நடுவே ஃபோர்ட்ஸ்ஹைம் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1767-இல் அந்தப் பகுதியை ஆண்டவரின் அனுமதியோடு அங்கிருந்த அனாதை இல்லத்தில் ஆரம்பித்த கடிகார, நகைத் தொழிலால் இன்றும் அதற்குப் பொன் நகரம் என்றே பெயர். அங்கே பல்கலைக்கழகத்தில் நகை வடிவமைப்பும் சொல்லித் தருகிறார்கள், பொறியியலும் சொல்லித் தருகிறார்கள். நகைக்கென்று ஒரு அருங்காட்சியகமே உண்டு. ஒரு சனிக்கிழமை ரயில் ஏறிப் போய்ப் பாருங்கள். லேசர் வெல்டிங் இயந்திரம் கண்ணியைப் பற்ற வைப்பதை எங்காவது பார்க்கக் கிடைத்தால் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புங்கள்.

கடிதத்தை அந்த மரக்கட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். பட்டறையில் இன்னும் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எந்தெந்தப் பாடம், அங்கே எந்தெந்தப் பாடம், பிப்ரவரியில் வந்து என்ன புராஜெக்ட் என்று நேராகப் போங்கள். ஒன்றரைப் பக்கம் போதும். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.